கிரீடம் சொல்லும் குணம்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'புராண, மாயத் தொடர்களில் உடையும் பாத்திரமும்' என்ற தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.



தொலைக்காட்சியில் மகாபாரதம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு, அந்தத் தொடரை ஒரு நாளும் பார்க்காத ஒருவரை அழைத்து முன்னால் உட்கார வையுங்கள். மயிற்பீலி சூடி மஞ்சள் பட்டு உடுத்தி வருபவர் கண்ணன் என்று அவர் உடனே சொல்லிவிடுவார். வெண்தாடியும் வெள்ளுடையுமாக நிற்பவர் குலத்துக்கு மூத்தவர் என்பார். கறுப்பு அங்கியில், கையில் பகடையோடு ஓரக் கண்ணால் பார்ப்பவரிடம் ஏதோ சூது இருக்கிறது என்பார். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அரண்மனையில் நடமாடும் அரசியைக் கண்டதும், "இவர் ஏன் இப்படி?" என்று கேட்பார். ஒரு வசனம்கூடக் காதில் விழவில்லை. ஆனாலும் கதையில் பாதி அவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னது யார்? உடைதான் சொன்னது.

குடும்பத் தொடரில் உடை ஓரளவுக்குத்தான் பேசும். மாமியார் பட்டுச் சேலையிலும் மருமகள் பருத்திச் சேலையிலும் வந்தால் வீட்டின் நிலவரம் தெரியும், அவ்வளவே. தேவரும் அசுரரும் பூதமும் முனிவரும் உலவும் தொடரில் உடையின் வேலை பல மடங்கு கூடுகிறது. அங்கே வருபவர்களை யாரும் தெருவில் பார்த்ததில்லை. அவர்களுடைய ஊரும் காலமும் எவருக்கும் தெரியாது. எனவே நாடு, குலம், தொழில், குணம், விதி ஆகிய எல்லாவற்றையும் துணியும் நகையும் வண்ணமும் சுமந்தாக வேண்டும்.

கூத்தில் பிறந்த இலக்கணம்

இது தொலைக்காட்சி வந்த பிறகு பிறந்த கலையன்று. நாட்டிய சாத்திரம் நடிப்பை நான்காகப் பிரிக்கிறது. உடலால் நடிப்பது ஆங்கிகம், சொல்லால் நடிப்பது வாசிகம், உள்ளத்து உணர்வு மெய்ப்பாடாக வெளிப்படுவது சாத்துவிகம். இவற்றோடு உடை, நகை, முகவண்ணம் ஆகியவற்றை ஆகாரியம் என்று நான்காவது நடிப்பாகவே அது வைத்திருக்கிறது. உடை நடிப்புக்குத் துணையாக வருவது அன்று, உடையே ஒரு நடிப்பு என்பது அதன் பொருள்.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்தைப் பாருங்கள். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி, மார்பில் பதக்கம். இந்தக் கட்டை அணிகளைப் பூண்டு வரும் வேடத்தைக் கட்டை வேடம் என்பார்கள். அரசரும் வீரரும் அந்தக் கோலத்தில் வருவர். கட்டியக்காரனுக்கு அந்தப் பாரம் கிடையாது. துரியோதனன் முகத்தில் சிவப்பு ஏறும். விளக்கு வெளிச்சத்தில், தூரத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் 'வருவது இன்னார்' என்று தெரிய வேண்டும். அதற்காக ஏற்பட்ட இலக்கணம் அது.

சிலப்பதிகாரத்தில் இன்னும் அருமையான இடம் ஒன்று உண்டு. கண்ணகி பாண்டியன் அரண்மனை வாயிலுக்கு வருகிறாள். வாயிற்காவலன் ஓடிச் சென்று மன்னனிடம் என்ன சொல்கிறான்? அவள் பெயரைச் சொல்லவில்லை, கோலத்தைச் சொல்கிறான். கொற்றவையோ காளியோ என்று அஞ்சும்படி நிற்கிறாள், ஆனால் அவர்கள் அல்லள், கையில் ஒற்றைச் சிலம்பு வைத்திருக்கிறாள், கணவனை இழந்தவள் என்கிறான். இரண்டாக இருக்க வேண்டிய ஒரு நகை ஒன்றாக இருக்கிறது. அந்த ஒன்றே வழக்கு, அதுவே சாட்சி, கடைசியில் தீர்ப்பும் அதுவே. உடையமைப்பாளர் எவரும் இதைவிடச் சிக்கனமாக ஒரு பாத்திரத்தைக் காட்டிவிட முடியாது.

கோயிலுக்குச் செல்லும் தமிழருக்கும் இந்தப் பாடம் புதிதன்று. பழனியில் அதே முருகன் ஆண்டிக் கோலத்தில் நிற்கும்போது துறவி, இராஜ அலங்காரத்தில் நிற்கும்போது வேந்தன். சிலை மாறவில்லை, கோலம் மட்டுமே மாறியது. கும்பிடுபவரின் மனமோ இரண்டு வேளையிலும் வேறு வேறு விதமாகக் கசிகிறது.

சீதை மரவுரி உடுத்திய விதம்

உடை எப்படிக் குணத்தைக் காட்டும் என்பதற்கு இராமாயணத்திலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. கைகேயி மரவுரிகளைக் கொடுக்கிறாள். வால்மீகியின் சீதைக்கு அதை உடுத்தத் தெரியவில்லை. ஒரு துண்டைக் கழுத்தில் போட்டு, ஒரு துண்டைக் கையில் பிடித்து, வெட்கத்தோடு நிற்கிறாள். இராமனே அருகில் வந்து, அவள் உடுத்திய பட்டின் மேல் மரவுரியைக் கட்டிவிடுகிறான். அதைக் கண்டு அந்தப்புரப் பெண்கள் அழுகிறார்கள். வசிட்டர் கைகேயியைக் கண்டிக்கிறார். அரண்மனையில் வளர்ந்த இளம்பெண்ணின் முழு வாழ்வும் அந்த ஒரு தடுமாற்றத்தில் தெரிந்துவிடுகிறது.

கம்பனின் சீதை வேறு. இராமன் காட்டின் கொடுமையைச் சொல்லித் தடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போகிறாள். தானாகவே மரவுரியைத் துணிந்து உடுத்துகிறாள். திரும்பி வந்து கணவனுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். வாதம் அத்தோடு முடிந்தது. ஒரே உடைதான். அங்கே அது உடுத்தத் தெரியாத பேதைமையைக் காட்டியது, இங்கே அது கேட்காமலே எடுத்த முடிவைக் காட்டியது. உடையின் நிறத்தையும் துணியையும் தேர்ந்தெடுப்பதோடு உடையமைப்பாளரின் வேலை முடிவதில்லை. யார் உடுத்திவிட்டார்கள், எப்போது, எவர் கண் முன்னால் என்பதும் அந்த வேலையில் அடக்கம்.

அதே காவியத்தில் நகைகள் என்ன ஆகின்றன என்றும் கவனியுங்கள். இராவணன் தூக்கிச் செல்லும்போது சீதை நகைகளை முடிந்து கீழே போடுகிறாள். அவை வழிகாட்டும் அடையாளங்களாகின்றன. வால்மீகியில் இலட்சுமணன் காற்சிலம்பை மட்டுமே அடையாளம் சொல்கிறான், தினமும் அண்ணியின் பாதத்தை மட்டுமே வணங்கியவன் என்பதால். ஒரு நகை சீதையை மட்டும் காட்டவில்லை, இலட்சுமணனின் குணத்தையும் காட்டிவிட்டது. கடைசியில் அசோகவனத்தில் அவளிடம் மிஞ்சியிருந்த சூடாமணி அனுமன் கையில் ஏறிக் கடல் தாண்டுகிறது. இதை அறிந்த உடையமைப்பாளர் முதல் அத்தியாயத்திலேயே அந்தச் சூடாமணியைப் பார்வையாளர் கண்ணில் பதியும்படி வைப்பார். அறியாதவர் தலை நிறைய நகையை ஏற்றி, எது சூடாமணி என்றே தெரியாமல் செய்துவிடுவார்.

ஒரு துணி, ஒரு கவசம், ஓர் இலை

மகாபாரதத்தில் இதற்கு எடுத்துக்காட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. காந்தாரியின் கண்கட்டு ஒரு முழத் துணிதான். ஆனால் அது கணவன் மேல் கொண்ட பக்தியா, தன்னைக் குருடனுக்குக் கட்டிவைத்தவர்கள் மேல் கொண்ட கோபமா என்று இன்று வரை வாதாடலாம். நல்ல நடிகை அமைந்தால் இரண்டும் அந்தத் துணியில் தெரியும்.

கர்ணனின் கவச குண்டலம் உடையமைப்பாளருக்கு வரும் மிகக் கடினமான சோதனை. அது உடையன்று, உடம்போடு பிறந்தது. கழற்றி மாட்டும் தகடாகக் காட்டினால் கதை கெட்டது. தோலோடு தோலாகக் காட்டினால்தான், பிராமண வேடத்தில் வந்த இந்திரனுக்கு அவன் அதை அறுத்துக் கொடுக்கும்போது பார்ப்பவருக்கு வலிக்கும். கொடையாளி என்று வசனத்தில் நூறு முறை சொல்லலாம். கவசம் போன பின்பு அந்த மார்பு வெறுமையாகத் தெரிகிறதே, அந்த ஒரு காட்சிக்கு அவை ஈடாகாது.

துரியோதனன் கதையிலும் உடை உயிரோடு விளையாடுகிறது. வியாசர் மூலத்தில் இல்லாமல் மக்கள் வழக்கில் வளர்ந்த ஒரு கதை. தாய் காந்தாரி கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் மகன் உடல் வச்சிரமாகும். பிறந்த மேனியாக வா என்கிறாள். கண்ணன் வழியில் மறித்து, வளர்ந்த பிள்ளை தாய் முன் அப்படிப் போகலாமா என்று கேட்க, அவன் இடுப்பையும் தொடையையும் இலையால் மறைத்துக்கொண்டு போகிறான். மறைத்த இடம் மட்டும் வலுப்பெறவில்லை. பீமனின் கதை அங்கேதான் விழுகிறது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் இந்தக் காட்சியைக் காட்டியது. வெட்கம் என்ற நல்ல குணமே அவனுக்கு எமனாக வந்ததை ஓர் இலை சொல்லிவிட்டது.

நாட்காட்டியில் இருந்து இறங்கிய தெய்வங்கள்

தொலைக்காட்சித் தெய்வங்களின் உடையை வடிவமைத்தது யார்? இராமானந்த சாகரின் இராமாயணம் 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபரில் தொடங்கி 1990 ஜூன் வரை 94 அத்தியாயங்களாக ஓடியது. இவற்றில் வந்த கிரீடமும் பட்டும் வேத காலத்தில் இருந்து வந்தவை அல்ல. நூறு ஆண்டுக்கு முந்திய அச்சுப் படங்களில் இருந்து வந்தவை.

கேரளத்துக் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா (1848 முதல் 1906 வரை) 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, இலட்சுமியையும் சரசுவதியையும் சேலை உடுத்திய பெண்களாக வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார். பிறகு கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாக உலகெங்கும் போயின. மலாயாத் தோட்டங்களின் லயத்து வீடுகளிலும் அத்தகைய படங்கள்தாம் சாமி படங்களாகத் தொங்கின. நாடகக் கம்பெனிகளும் இதே கோலத்தை மேடையேற்றின. சினிமாவும் பின்தொடர்ந்தது. 1957-இல் 'மாயாபஜார்' வந்த பின்பு கண்ணன் என்றால் என்.டி. ராமராவ் என்ற நிலை உண்டானது. தொலைக்காட்சி அந்தக் கோலத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. ஏனென்றால் மக்கள் 'இது எங்கள் சாமி' என்று அடையாளம் கண்டால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிக்கு முன்னால் அமர்வார்கள்.

ஆனால் இந்தக் கோலம் ஒன்றே ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பத்துமலை அடிவாரத்தில் இராமாயணக் குகைக்கு அருகில் நிற்கும் 50 அடி அனுமனைப் பாருங்கள், பச்சை நிறம். வடநாட்டில் அனுமன் செந்தூர நிறம். கிளந்தான் மாநிலத்து நிழற்பொம்மைக் கூத்தான வாயாங் கூலிட்டில் அனுமன் வெள்ளைக் குரங்கு. அதே கூத்தில் இராமன் பச்சை, இலட்சுமணன் சிவப்பு, தலையில் சயாம் பாணிக் கிரீடம். மலாய் மொழி பேசும் கிராமத்தார் அந்த இராமனை நூற்றாண்டுகளாக இரசித்திருக்கிறார்கள். ஆக, நிறமும் கிரீடமும் தெய்வக் கட்டளை இல்லை. ஊர் ஊராகக் கலைஞர்கள் எடுத்த முடிவு. முடிவு என்றால் அதை மாற்றியும் எடுக்கலாம்.

அந்த வாயாங் கூலிட்டுக்கு 2012-இல் ஒரு புதுமை நேர்ந்தது. தோக் டாலாங் பாக் டாயினும் வடிவமைப்பாளர் திந்தோய் சுவோவும் சேர்ந்து 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரங்களைத் தோற்பொம்மைகளாக்கினார்கள். கறுப்புத் தலைக்கவசமும் போர்வையும் அணிந்த டார்த் வேடர் அங்கே சங்காலா வேடே ஆனான். வெறும் நிழலாக வந்தபோதும் பிள்ளைகள் அவனை அடையாளம் கண்டார்கள். நல்ல உடையமைப்புக்கு இதைவிடத் தேர்வு வேண்டுமா? வண்ணத்தை உருவிவிட்டாலும் வெளிக்கோடு மட்டும் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிட வேண்டும். அந்த ஸ்டார் வார்ஸ் உடைகளை வடிவமைத்த ஜான் மோலோவோடு சேர்ந்துதான், 'காந்தி' படத்துக்காக 1983-இல் பானு அத்தையா ஆஸ்கர் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதே பானு அத்தையா, 2013 செப்டம்பரில் ஸ்டார் பிளஸில் தொடங்கிய புதிய மகாபாரதத்தின் உடையமைப்பிலும் பணியாற்றினார். விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழ்க் குரலில் அந்தத் தொடர் தமிழர் வீடுகளுக்கும் வந்தது.

சின்னத் திரையின் கணக்கு

மேடைக்குத் தைப்பது வேறு, தொலைக்காட்சிக்குத் தைப்பது வேறு. மேடையில் ஆள் முழுவதும் தெரிவார். தொலைக்காட்சியில் பெரும்பாலும் மார்புக்கு மேலேதான். எனவே குணம் முழுவதும் கிரீடம், காதணி, கழுத்து, தோள் ஆகிய நான்கு இடங்களில் குடியேற வேண்டும். காலில் போடும் தண்டை எவ்வளவு வேலைப்பாடு உடையதானாலும், காமிரா கீழே இறங்கினால்தான் அதற்கு வாழ்வு.

பழைய பெட்டிகளில் அடர் சிவப்பு ஓரங்களில் கசியும், தூய வெள்ளை கண்ணைக் கூசும். அதனால் வெள்ளையைச் சற்று மங்கலாகச் சாயமேற்றுவது வழக்கம். அன்றைய மங்கலான படத்தில் தங்கத்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடமும் பொன்னாகவே தெரிந்தது. உயர் துல்லிய ஒளிபரப்பு வந்த பிறகு அந்தத் தயவு போய்விட்டது. பசையின் தடமும் நெகிழிக் கல்லும் தையலும் தெரிகின்றன. உடனே தயாரிப்பாளர்கள் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். இன்னும் நகை, இன்னும் சரிகை, இன்னும் மினுக்கம். எல்லாருமே மின்னினால் எவர் அரசர், எவர் சேவகர்? பணிப்பெண்ணும் பட்டத்தரசியும் ஒரே கடையில் வாங்கியவர்களைப் போல நின்றால் உடை ஊமையாகிவிட்டது என்று பொருள்.

பாரத்தையும் கவனிக்க வேண்டும். உயரமான கிரீடம் வைத்தவரால் சட்டென்று தலையைத் திருப்ப முடியாது. உடம்போடுதான் திரும்புவார். அதுவே அரச மிடுக்காகிவிடுகிறது. மரவுரியும் அவிழ்ந்த சடையுமாக இருப்பவர் வேகமாகத் திரும்புவார், குனிவார், தரையில் அமர்வார். காட்டுக்குப் போனதும் பாண்டவர் நடை மாறுவதற்கு நடிப்புப் பயிற்சி பாதிக் காரணம், பாரம் இறங்கியது மீதிக் காரணம்.

உடை மாறாமல் ஆள் மாறினால்?

உடைக்கும் ஓர் எல்லை உண்டு. 'மாயாபஜார்' படத்தில் கடோற்கசன் மாயத்தால் மணப்பெண் வடிவம் எடுத்து அந்தப்புரத்தில் உட்கார்ந்துவிடுவான். சாவித்திரியின் உடையும் நகையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் நடையிலும் முறைப்பிலும் உள்ளே இருப்பவன் எஸ்.வி. ரங்காராவ் என்று தெரிகிறது. மென்மையான பட்டு, உள்ளே முரட்டு உயிர். சிரிப்பு அந்த முரண்பாட்டில் பிறக்கிறது. உடை 'இவள் மணப்பெண்' என்று உரக்கச் சொன்னால்தான் உடல் அதை மறுக்கும்போது வேடிக்கை.

மறைக்கவும் உடை உதவும். 1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' வந்தபோது மலேசியாவிலும் அதற்கு இரசிகர்கள் இருந்தார்கள். இருட்டில் குதிரைமேல் வரும் அந்த உருவம் காவல் தெய்வமா, தெய்வத்தின் கோலத்தில் வரும் மனிதரா என்ற கேள்விதான் தொடரை நடத்தியது. தலைப்பாகை, மீசை, சல்லடம், கச்சை, கையில் அரிவாள் என்று தோட்டத்து முனியாண்டியையும் மதுரைவீரனையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோலத்தின் அச்சம் விளக்கிச் சொல்லாமலே புரியும்.

சோப்ராவின் தொடரில் பீஷ்மராக வெள்ளுடையில் நின்ற முகேஷ் கன்னா, 1997-இல் சக்திமானாகச் சிவப்பு உடையில், மார்பில் பொன் சின்னத்தோடு சுழன்று பறந்தார். அதே தொடரில் தடித்த கண்ணாடியும் துருத்திய பல்லுமாகக் கங்காதர் என்ற அசட்டுப் புகைப்படக்காரராகவும் வந்தார். ஒரே மனிதர், மூன்று உடை, மூன்று உயிர்.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். 2011 முதல் 2019 வரை எச்.பி.ஓ.வில் வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் பெரும்பகுதிக்கு உடையமைத்தவர் மிஷெல் கிளாப்டன். சிங்கச் சின்னம் பொறித்த சிவப்புப் பட்டில் வலம் வந்த செர்சி, பிள்ளைகளை இழந்து அரியணை ஏறும்போது கறுப்புத் தோலாடையில், கவசம் பூண்டவளைப் போல வருகிறாள். தாய் செத்து அரசி மட்டும் எஞ்சியதை உடை சொல்லிவிடுகிறது. அதே தொடரில் பனிநாட்டுக் காவலர் தோளில் போர்த்தியிருந்த சில மேலாடைகள், ஐக்கியா கடையில் வாங்கிய தரைவிரிப்புகளை வெட்டி, சாயமேற்றி, பழசாக்கித் தைத்தவை என்று 2016-இல் கிளாப்டனே ஒரு நிகழ்ச்சியில் சொன்னார். பெரும் பணம் கொட்டிய தொடர் அது. இருந்தும் மலிவான பொருளுக்கு உழைப்பால் வாழ்வு கொடுத்தார்கள். பணம் இல்லை என்பது நல்ல உடை அமையாததற்குக் காரணம் ஆகாது.

கறுப்பு யாருடைய நிறம்?

இனி இந்த உரையின் முக்கியமான பகுதி. உடையமைப்பில் முகவண்ணமும் அடங்கும். புராணத் தொடர்கள் பலவற்றில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. தேவரும் இளவரசரும் வெளுப்பாக இருப்பார்கள். அரக்கர் படைக்குக் கரி பூசுவார்கள், கொம்பு வைப்பார்கள், தலையைப் பரட்டையாக்குவார்கள். நிறமே குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

மூலத்தில் என்ன இருக்கிறது? கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுப்பன் என்று பொருள். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று பெயர், அவள் நிறத்தால் வந்தது. கம்பனின் இராமன் கார்மேகம், கடல், மரகத மலை. ஆழ்வார்கள் உருகியதும் அந்தக் கருமேனிக்குத்தான். நாட்காட்டி ஓவியர்கள் அந்தக் கறுப்பை நீலமாக்கினார்கள். தொலைக்காட்சி நீலத்தையும் கழுவிவிட்டு வெளுப்பாக்கியது. 1987-இன் இராமனும் 1988-இன் கண்ணனும் திரௌபதியும் மேகநிறத்தவராக வரவில்லை. வால்மீகியும் வியாசரும் கம்பரும் கொடுத்த ஒரே தெளிவான உடையமைப்புக் குறிப்பு இந்த நிறம். அதையே தொடர்கள் கைவிட்டன.

இராவணனையே பாருங்கள். கம்பனில் அவன் கொடியில் வீணை. 1958-இல் வந்த 'சம்பூர்ண இராமாயணம்' படத்தில் டி.கே. பகவதி வீணையோடு கம்பீரமான இராவணனாக அமர்ந்தபோது தமிழ் மக்கள் அவனை இரசித்தார்கள், அவன் செய்தது தவறு என்று தெரிந்துகொண்டேதான். சாகரின் தொடரில் அரவிந்த் திரிவேதி ஏற்ற இராவணனும் பொன்னும் கிரீடமுமான பேரரசன்தான். தலைவனுக்கு இந்த மரியாதையைக் கொடுத்தவர்கள், அவன் குடிமக்களுக்கு மட்டும் ஏன் கரியைப் பூச வேண்டும்?

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்றும் உண்டு. பீட்டர் புரூக் 1985-இல் மேடையேற்றி 1989-இல் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்த மகாபாரதத்தில் பல நாட்டு நடிகர்கள் இருந்தார்கள். பீஷ்மர் ஆப்பிரிக்கரான சோதிகி குயாத்தே. பீமன் செனகலைச் சேர்ந்த மமது தியூமே. திரௌபதி மல்லிகா சாராபாய். உயர்ந்த கிரீடங்களின் அணிவகுப்பு இல்லை, எளிய துணிகள். அந்தக் கறுத்த பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கும்போது அவருடைய நிறத்தை யாரும் நினைப்பதில்லை, சபதத்தைத்தான் நினைக்கிறார்கள்.

இது ஏதோ இந்தியத் தயாரிப்பாளர்களின் விவகாரம், கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1996-இல் ஆஸ்ட்ரோ வந்து வானவில் அலைவரிசை தொடங்கியது முதல், தமிழ்த் தொடர்கள் இங்குள்ள வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் ஓடுகின்றன. தொடரில் பார்த்ததையே பிள்ளைகள் பள்ளிக் கலை இரவிலும் கோயில் விழாவிலும் நடிக்கிறார்கள். பாத்திரம் பிரிக்கும்போது என்ன நடக்கிறது? சிவந்த பிள்ளைக்குச் சீதை, வெளுத்த பிள்ளைக்கு இராமன். கறுத்த பிள்ளைக்கு அரக்கன், அரக்கி. அந்தப் பிள்ளை கன்னத்தில் மேலும் கறுப்பைப் பூசும்போது கூட்டம் சிரிக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் ஏழு வயதில் ஒரு குழந்தை தன் தோலே தீயவருக்கு உரிய உடை என்று கற்றுக்கொண்டால், அந்த உடையை அது எங்கே கழற்றி வைக்கும்?

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை

மாற்றம் செய்யும் வசதி இங்கேயே இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நடை போட்டால் பரத உடை, நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ஒட்டியாணம், வங்கி, சலங்கை எல்லாம் கிடைக்கும். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் பட்டும் சரிகையும் பூமாலையும் கிடைக்கும். 1981-இல் தொடங்கப்பட்டு பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் நுண்கலைக் கோயில் போன்ற அமைப்புகள் இசையோடும் நடனத்தோடும் மேடை ஒப்பனையையும் வளர்த்து வந்திருக்கின்றன. கைத்திறன் உள்ள தையற்காரர்களும் ஒப்பனைக் கலைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் 'டிவியில் வந்த மாதிரி வேண்டும்' என்று கேட்பதுதான் குறை.

உள்ளூரில் நாடகமோ குறுந்தொடரோ எடுப்பவர்கள் துணிக் கடைக்குப் போவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தப் பாத்திரத்தின் உடையைத் தைத்தவர் கதையில் யார், வாங்கியதா, வந்ததா, பறித்ததா? முதல் காட்சியில் உள்ள எந்தப் பொருள் கடைசிக் காட்சியில் இல்லாமல் போகும்? கூட்டத்தில் நின்றாலும் இவரைப் பிரித்துக்காட்டும் ஒரே பொருள் எது? வண்ணத்தை எடுத்துவிட்டால் நிழலில் இவரைத் தெரியுமா? கடைசியாக ஒன்று: தீமையைக் காட்டத் தோல் நிறத்தைத் தொடாமல் வழி உண்டா?

உண்டு. பேராசைக்காரனுக்கு அளவு மீறிய மோதிரம் போதும். கொடியவனுக்கு மற்றவரிடம் பறித்த மாலையை அணிவிக்கலாம். அகந்தைக்கு, வாசலில் குனிய மறுக்கும் உயரமான கிரீடம். வஞ்சகனுக்கு ஒரு சுருக்கமும் இல்லாத வெள்ளை உடை. பொறாமைக்காரிக்கு, அடுத்தவள் உடுத்தியதைப் போலவே ஒரு சேலை, விலை மட்டும் கூடியது. இவை எல்லாம் அவரவர் செய்து கொண்டவை, அதனால் அவரவர் குணத்தைக் காட்டும். தோல் யாரும் செய்து கொண்டதன்று. அது எந்தக் குணத்தையும் காட்டாது.

அடுத்த கலை இரவில் கறுத்த பிள்ளை ஒன்று மயிற்பீலி சூடி மேடை ஏறட்டும். அதற்காகப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. கிருஷ்ணன் என்ற பெயருக்குப் பொருள் தெரிந்த ஓர் ஆசிரியர் போதும். பூசிய நீலமும் வேண்டாம், வெள்ளை மாவும் வேண்டாம். மஞ்சள் பட்டு அந்த நிறத்தில்தான் பளிச்சென்று தெரியும்.